கடைசி ரீலில் பேச்சு இல்லை

புல்லக்கடவு
19 ஜூன் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

என் எல்சிக்குக் கொச்சுராணி எழுதுவது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? விடுதியில் சோறு எப்படி? சிஸ்டர்மார் திட்டுவார்களா? இங்கே நானும் அம்மச்சியும் சுகம். மழை தொடங்கினால் அம்மச்சிக்கு வரும் இழுப்பு இந்த வருஷமும் வந்துவிட்டுப் போனது. உன் வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் சுகம். பெரியம்மா நேற்றும் உனக்கு ஒரு தட்டு வைத்துவிட்டு, பிறகு எடுத்துக் கவிழ்த்தாளாம்.

நீ எர்ணாகுளத்தில் காலேஜ் பெண்ணாகிவிட்டாய். நான் அன்னக்குட்டி சேச்சியின் தையல் கடைக்குப் போகிறேன். அங்கே யாரும் என்னை எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வதில்லை. அதற்குப் பயந்துதானே ஒன்பதாம் வகுப்போடு நின்றேன்.

கடைக்கும் சினிமாக் கொட்டகைக்கும் நடுவில் ஓர் ஓலைத் தட்டிதான். மேட்னி தொடங்கினால் முழுப் படமும் காதில் விழும். கடைசி ரீல் வரும்போது மட்டும் மெஷினை விடாமல் மிதிக்கிறேன். முடிவு காதில் விழுந்துவிட்டால் நம் பேச்சு முறிந்துபோகுமே! எந்தப் படமானாலும் நாம் இருவரும் சேர்ந்துதான், வேறு யாரோடும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் பார்த்தோமே, அந்தத் தோணிப் படத்துக்கு ரொம்பக் கண்டிப்பாக. அன்னக்குட்டி சேச்சி கேட்கிறாள், "ஏன்டீ, அந்தப் பாவாடை ஓடியா போகுது? இப்படித் தொரத்துற?"

வாரப் பத்திரிகையில் புதுத் தொடர்கதை வந்திருக்கிறது. ரப்பர் தோட்டத்து முதலாளியின் இரண்டாம் மனைவி ஊமைபோல நடிக்கிறாள். ஏன் என்று இன்னும் தெரியாது. கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். முதலில் கடைசிப் பத்தியைப் படிக்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

உன் கடிதத்துக்காக வாசலில் நிற்கும்
கொச்சுராணி


எர்ணாகுளம்
10 ஜூலை 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

அன்புள்ள கொச்சு, நான் சுகம். இளையம்மாவின் இழுப்புக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தாயா? எனக்கு இங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் முடி கொட்டுகிறது. மற்றபடி சந்தோஷம்தான்.

என் அறையில் பெரில் என்றொரு பெண் இருக்கிறாள். ஃபோர்ட் கொச்சிக்காரி. அவள் அப்பச்சன் கப்பலில் வேலை செய்கிறார், டேப் ரெக்கார்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவளுக்குத் தெரியாத பாட்டே இல்லை. நீ அனுப்பிய தொடர்கதையைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் படிச்சா மூளை கப்பைக்கிழங்கு ஆயிடும்டீ"ன்னு சொல்லிச் சிரித்தாள். கோபித்துக்கொள்ளாதே, அவள் எல்லோரையும் அப்படித்தான் சொல்வாள்.

அவள் ஒரு நாவல் கொடுத்தாள். கலங்கரை விளக்கத்துக் காவல்காரனின் மனைவியைப் பற்றியது. தொடக்கத்தில் எனக்குத் தூக்கம் வந்தது. பிறகு ஒரே ராத்திரியில் முடித்தேன். நம் பாரிஷ் வாசக சாலையில் இருக்கிறதா என்று பார். நீ கட்டாயம் படிக்க வேண்டும். அவளுடைய கேசட்டில் வயலின் மட்டும் வாசிக்கிற ஒன்று இருக்கிறது, பாட்டே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கணும் என்று பெரில் சொல்கிறாள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
உன் எல்சி


புல்லக்கடவு
3 ஆகஸ்ட் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

எல்சிக்கு. சுகம், உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். முடிக்குச் செம்பருத்தி இலை அரைத்துத் தேய். இதைப் பெரில் சொல்லித் தந்திருக்க மாட்டாள்.

உன் கடிதத்தை அம்மச்சிக்குப் படித்துக் காட்டினேன். பெரில் என்றதும், "அது ஆளோட பேரா, மாத்திரையோட பேரா?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

வாசக சாலைக்குப் போனேன். கலங்கரை விளக்கப் புத்தகம் வேண்டும் என்று பவுலோஸ் சேட்டனிடம் கேட்க வாய் வராமல் அலமாரி அலமாரியாக நானே தேடி எடுத்தேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் படித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்குக் கோபம்.

மேலத்துவீட்டுத் துபாய்க்காரர் ஓணத்துக்கு முன்பே வந்துவிட்ட புதுக் காமெடி கேசட்டை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பால்கார அவுசேப்பின் எருமை கோர்ட்டுக்குப் போகிற கதை. ஒரே ஆள் ஜட்ஜாகவும் வக்கீலாகவும் எருமையாகவும் பேசுகிறான். அம்மச்சிக்குச் சிரித்து இழுப்பே வந்துவிட்டது. முதல் பக்கம் முடிந்ததும் நான் எழுந்து வந்துவிட்டேன். "ஏன் மோளே, புடிக்கலியா?" என்று அவர் கேட்டார். மறுபக்கம் உன்னோடு கேட்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன், ஆம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாது. ஓணத்துக்கு வந்துவிடு. நான் கேட்காமல் வைத்திருப்பேன்.

கொச்சுராணி


எர்ணாகுளம்
4 செப்டம்பர் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

அன்புள்ள கொச்சு, எல்லோரும் சுகந்தானே? ஓணத்துக்கு வராததற்கு நீ என் மேல் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய் என்று பெரியவர்கள் கடிதத்திலேயே தெரிந்தது. லீவு நாலு நாள்தான். பெரில் வீட்டில் ரொம்பக் கூப்பிட்டார்கள், என் அம்மச்சியும் சரி என்று எழுதிவிட்டாள்.

அவர்கள் வீட்டில் மீன் வறுத்துக்கொண்டே பாடுகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுகிறார்கள். நீ சொன்ன எருமைக் கேசட் அங்கேயும் இருந்தது! மறுபக்கத்தில் எருமை சாட்சிக் கூண்டில் ஏறுகிற இடத்தில் பெரிலின் அப்பச்சன் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். உன் சிபாரிசு என்றேன். எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள்.

வேறு விசேஷம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நிச்சயம் வருவேன்.
உன் எல்சி


புல்லக்கடவு
2 அக்டோபர் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

எல்சிக்கு. இங்கே எல்லோரும் சுகம். மறுபக்கத்தை நானும் கேட்டேன். எருமை சாட்சி சொல்வது அப்படியொன்றும் சிரிப்பாக இல்லை.

அதை விடு. தோணிப் படம் நம் கொட்டகைக்கு வந்துவிட்டது! ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு போனான். நோட்டீஸ் மழையில் ஒட்டிக்கொண்டது, பிரித்துக் காயவைத்து உனக்கு அனுப்புகிறேன். அடுத்த ஞாயிறு வரை ஓடுமாம். சனிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வந்தால் முதல் ஆட்டம் பார்த்துவிடலாம். பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அவ வரட்டும், நானே டிக்கெட் எடுத்துத் தரேன்" என்றார்.

கடையில் உட்கார்ந்து பாதிப் படத்தைக் கேட்டாகிவிட்டது. கதாநாயகி தோணிக்காரனிடம் பேசுகிற பேச்சு எல்லாம் எனக்கு மனப்பாடம். பாட்டு வரும்போது அன்னக்குட்டி சேச்சிகூட ஊசியை நிறுத்துகிறாள். கடைசி ரீலுக்கு மெஷினை விடாமல் மிதிக்கிறேன், சனிக்கிழமை வரை மிதிப்பேன். ஊரே எனக்குக் கதை சொல்ல வருகிறது. காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறேன்.

வந்துவிடு, எல்சி.
கொச்சு


எர்ணாகுளம்
6 அக்டோபர் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

என் கொச்சு, நீ சுகமா? இளையம்மா? இந்தச் சனிக்கிழமை வர முடியாது. திங்களன்று பரீட்சை. சிஸ்டர் லீவு தரமாட்டார்கள். எனக்காக வருத்தப்படாதே. படம் எங்கே போய்விடப்போகிறது, திரும்பவும் ஒரு நாள் வரும்.

பாட்டுகளை மட்டும் பெரிலின் கேசட்டில் கேட்டேன். நீ சொன்னது சரி, அந்த இரண்டாவது பாட்டுப்போல ஒன்று இந்த வருஷம் வரவில்லை. ஈரத்தலையோடு ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கதாநாயகி பாடுகிறபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

அவசரமாக எழுதுகிறேன்.
எல்சி


புல்லக்கடவு
10 அக்டோபர் 1983
(இதை நான் தபாலில் போடவில்லை)

எல்சி, கேசட்டில் ஈரத்தலை எப்படித் தெரிந்தது? ஜன்னல் கம்பி எப்படித் தெரிந்தது?

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் அதே பாட்டு ஓடியது. அவள் ஜன்னலோரம் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் அவளைக் கிணற்றடியில் நிறுத்தி வைத்திருந்தேன்.

பார்த்துவிட்டாய். அந்தப் பெரிலோடு பார்த்துவிட்டாய். வேறு யாரோடு பார்த்திருந்தாலும் இவ்வளவு எரியாது.

நேற்று ஞாயிறு, கடைசி நாள். நானும் பார்ப்பேன் என்று கொட்டகைக்குப் போனேன். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். "ஒத்தையா வந்தியா மோளே?" என்று டிக்கெட்காரன் கேட்டான். திரும்பி வந்துவிட்டேன். அன்னக்குட்டி சேச்சியிடம் ஆர்டர் இருக்கிறது என்று பொய் சொல்லிக் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். கடைசி ரீல் வந்ததும் மெஷினைத் தொடவில்லை. தட்டியில் காதை வைத்தேன்.

ஒரு பேச்சும் இல்லை. துடுப்புச் சத்தம், வயலின், மறுபடி துடுப்பு. பிறகு கொட்டகை முழுக்கக் கைதட்டினார்கள். அவ்வளவுதான். அவனோடு போய்விட்டாள் போலிருக்கிறது.


புல்லக்கடவு
11 அக்டோபர் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

அன்புள்ள எல்சிக்கு. நலம். பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய். நீ வரவில்லையே என்று நான் வருத்தப்படவில்லை.

கடையில் புதிதாக வல்சலா என்ற பெண் சேர்ந்திருக்கிறாள். கோட்டயத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் தோணிப் படத்துக்குப் போனோம். ஒப்பந்தத்தை முறித்ததற்கு மன்னித்துவிடு. அவள் ரொம்பக் கூப்பிட்டாள், வரமாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

வல்சலாவுக்குப் பாட்டைப் பற்றியெல்லாம் நிறையத் தெரியும். வயலின் கேசட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்களுக்குத் தூக்கம்தான் வருமாம். கண்ணைத் திறந்துகொண்டு, கையில் ஏதாவது வேலை செய்துகொண்டே கேட்க வேண்டுமாம். ஊமை மனைவி தொடர்கதையையும் அவள் படிக்கிறாள், மூளை நன்றாகத்தான் இருக்கிறது. அவளுக்கு என்னைப்போலவே நேந்திரம்பழத்தை இஞ்சி போட்ட மாவில் முக்கிச் சுட்ட பழம்பொரி பிடிக்கும்.

தொடர்கதையின் இந்த வாரப் பக்கத்தை அவள் கேட்டாள், கொடுத்துவிட்டேன். அதனால் உனக்கு அனுப்பவில்லை.

எல்லோரும் விசாரித்தார்கள். வல்சலாவும்.
கொச்சுராணி


எர்ணாகுளம்
20 அக்டோபர் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

கொச்சுராணிக்கு. நலம். நீயும் நலம் என்று தெரிகிறது.

வல்சலா யார் வீட்டுப் பெண்? கோட்டயத்திலிருந்து புல்லக்கடவுக்கு எதற்குத் தையல் வேலைக்கு வருகிறாள்? அங்கே துணியே இல்லையா? என் அம்மச்சியின் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பழம்பொரியில் இஞ்சி போடுவது என்னுடைய வேலை, உனக்கு நான் பழக்கியது. அதை அவளிடம் சொல்லியிருக்கிறாயா?

நீ யாரிடமும் பேசமாட்டாயே. வந்த ஒரு வாரத்திலேயே சினிமாவுக்குப் போகிற அளவுக்கு அவள் என்ன வசியம் செய்தாள்? பெரிலிடம் சொன்னேன். "ஏன்டீ, உனக்கு வயிறு எரியுதா?" என்று கேட்கிறாள். எரியவில்லை என்றேன்.

நான் எப்படியும் அந்தப் படத்தைப் பார்க்கப்போவதில்லை. முடிவு என்ன என்று எழுது.
எல்சி


புல்லக்கடவு
29 அக்டோபர் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

எல்சிக்கு. சுகம். அம்மச்சிக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது கஞ்சி குடிக்கிறாள்.

முடிவு கேட்டாய். கடைசியில் அவன் தோணியைக் கொண்டு வந்து நிறுத்துகிறான். அவள் ஓடிவந்து ஏறுகிறாள். ஒரு பேச்சும் இல்லை, பேசத் தேவையும் இல்லை. இருவரும் சேர்ந்து போகிறார்கள். அவன் துடுப்பு போடுகிறான், அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெயில் தண்ணீரில் மினுங்குகிறது. கொட்டகையே கைதட்டியது. வல்சலா அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்தான். நான் அவளுக்கு என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

இந்த வருஷம் பார்த்ததில் இதுதான் நல்ல முடிவு. நீயும் பார்த்திருக்கலாம்.

உங்கள் பெரிலுக்கு இந்த மாதிரிப் படமெல்லாம் பிடிக்காது என்று நினைக்கிறேன்.
கொச்சுராணி


புல்லக்கடவு
4 டிசம்பர் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

அன்புள்ள எல்சி, நவம்பர் முழுக்க உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பெரியம்மாவுக்கு மட்டும் கார்டு போட்டிருக்கிறாய், எனக்கு விசாரிப்புகூட இல்லை. தபால்காரர் அந்தோணி சேட்டன் என்னைப் பார்த்தாலே சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறார். "வந்தா நான் ஒளிச்சா வெச்சுக்குவேன்? என்னை ஏன் முறைக்கிற?" என்கிறார்.

சர்ச்சில் பள்ளிப் பெருநாளுக்கு மிமிக்ரி குழு வந்தது. ஒருவன் நம் பழைய பாதிரி அச்சனைப்போலவே தும்மிக் காட்டினான். எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பக்கத்தில் திரும்பினேன். அங்கே சாக்கோச்சன் மனைவி குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தொடர்கதையின் எல்லாப் பக்கத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அவள் ஏன் ஊமையாக நடித்தாள் என்று தெரிந்துவிட்டது. நீ கேட்டால் சொல்வேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா? அதை மட்டுமாவது எழுது.
கொச்சு


எர்ணாகுளம்
12 டிசம்பர் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

என் கொச்சு, இளையம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா? எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் அவனோடு போகவில்லை, கொச்சு.

அவன் படிக்கட்டில் நிற்கிறான். அவள் தானே துடுப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போகிறாள். ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள் என்று நாம் எல்லோரும் காத்திருக்கிறோம். பார்க்கவே மாட்டாள். கைதட்டுவது அதற்குத்தான்.

இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. எழுதினால் நான் பார்த்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்துவிடும். எழுதாவிட்டால் நீ வாழ்நாள் முழுக்க அவளைத் தப்பான தோணியில் ஏற்றி வைத்திருப்பாய். ஓணத்தன்று பெரில் வீட்டில் எல்லோரும் படத்துக்குக் கிளம்பினார்கள். எனக்கு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் மாதிரி என்று சிரிப்பார்களோ என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

படம் முழுக்க "கொச்சு இங்கே சிரிப்பாள், கொச்சு இங்கே என் கையைக் கிள்ளுவாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனாம். "படத்தைப் பாக்க விடுறியா, இல்ல அந்தக் கொச்சுராணியையே கூட்டிட்டு வந்து உக்கார வெக்கட்டுமா?" என்று பெரில் கத்தினாள். அவளுக்கு உன்னை ஆகாது. பார்க்காமலேயே.

எனக்கும் வல்சலாவை ஆகாது. நீங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டா படம் பார்த்தீர்கள்? அவள் அழுத அழுகைக்கு உன் கைக்குட்டை வேறு. போகட்டும், நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

23ஆம் தேதி மாலைப் பஸ்ஸில் வருகிறேன். பெரிலின் வீட்டில் எல்லோரும் அப்பச்சனைக் காணப் பம்பாய் போகிறார்கள். அவளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, விடுதியில் தனியாக இருப்பாள். அவளை அழைத்து வரட்டுமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம். உன் ஒரு வார்த்தை போதும்.

உன் எல்சி


புல்லக்கடவு
16 டிசம்பர் 1983

ஈசோவுக்கு ஸ்துதி.

என் எல்சிக்கு. அம்மச்சி எழுந்து நடக்கிறாள். அச்சப்பத்துக்கு மாவு இடித்தாகிவிட்டது. பெரியம்மா உன் தட்டைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டாள்.

வல்சலா வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். கோட்டயத்துக்கே போய்விட்டாள். இனி வரமாட்டாள். சொல்லிக்கொள்ளாமல் போனாள், எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

படத்தில் அவள் தனியாகத் தோணியில் போகிறாள் என்று நீ எழுதியதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் பிடிக்கவில்லை. இன்று மெஷினில் உட்கார்ந்து அந்த வயலினை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவளைத் தனியாகப் போகவிட்டேன். அதுதான் சரியாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்குக் கொட்டகையில் புதுப் படம் போடுகிறார்கள். கிராமத்து டாக்டரும் அவருடைய திருட்டுக் கம்பவுண்டரும், ஒரே சிரிப்பு என்று நோட்டீஸில் இருக்கிறது. இன்னும் ஒரு சத்தமும் என் காதில் விழவில்லை, விழவும் விடமாட்டேன். பெரியப்பா டிக்கெட் எடுக்கக் காத்திருக்கிறார்.

அவளையும் அழைத்து வா. பண்டிகையன்று விடுதியில் தனியாக இருப்பது நல்லதில்லை. மூன்று டிக்கெட் எடுக்கச் சொல்கிறேன்.

ஆனால் பெஞ்சில் நடுவில் நான்தான் உட்காருவேன்.

கொச்சு